பழைய சீக்வென்சர் பாடல்களை மீட்பதும் சட்டமும்

பழைய சீக்வென்சர் மென்பொருள் ஒலியைப் பதிவு செய்வதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற கட்டளைகளைச் சேமித்து, மிடி கேபிள் வழியாகக் கீபோர்டுக்கு அனுப்புகிறது. மிடி முறை 1983இல் வந்தது. மிடி இணைப்புகளோடே 1985இல் விற்பனைக்கு வந்த அட்டாரி எஸ்டி கணினியும், அதற்கென 1989இல் வெளியான கியூபேஸ் சீக்வென்சரும் உலகெங்கும் இசைக்கூடங்களில் இடம்பிடித்தன. தமிழ்த் திரையிசையில் இளையராஜா 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குச் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். பின்னாளில் இன்னிசைக் குழுக்களும் இந்த வழிக்கு வந்தன.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களில் கோயில் திருவிழாவுக்கோ மாதா திருவிழாவுக்கோ வாசித்த குழுவிடம் அந்தக் காலத்தில் பாடல்களைச் சேமித்த ஃபிளாப்பிகள் இருந்தால், அவற்றுக்கு முதல் எதிரி உப்புக் காற்றின் ஈரம். உலோக மூடியை மெல்ல நகர்த்தினால் உள்ளே பழுப்பு நிறத் தகடு தெரியும். அதில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை படிந்திருந்தால் டிரைவில் செருகவே கூடாது. தகடும் கீறும், டிரைவின் ஹெட்டும் கெடும். சுத்தம் செய்தபின், முதல் வேலையாக முழு ஃபிளாப்பியையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

அந்தக் கோப்பைத் திறக்க எமுலேட்டர் தேவை. ஹடாரி என்ற இலவச மென்பொருள், 8 மெகாஹெர்ட்ஸ் அட்டாரியைப் போலவே இன்றைய கணினியை நடந்துகொள்ள வைக்கிறது. டாஸில் ஓடிய சீக்வென்சர்களுக்கு டாஸ்பாக்ஸ் உண்டு. எமுலேட்டரை வைத்திருப்பது குற்றமல்ல. சிக்கல் அதற்குள் போடப்படும் பொருளில்தான். அட்டாரியின் ரோம் சிப்பில் உள்ள நிரல் காப்புரிமைக்கு உட்பட்டது. அதற்கு மாற்றாக எமுடாஸ் என்ற இலவச நிரலைப் பயன்படுத்தலாம். அட்டாரி காலத்துக் கியூபேஸ், கணினியில் செருகும் ஒரு பூட்டுச்சாவி இருந்தால்தான் ஓடும். சாவி தொலைந்தவர்கள் இணையத்தில் கிடைக்கும் பூட்டுடைத்த பிரதியைத் தேடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

கம்பெனி கைவிட்ட மென்பொருள் எல்லோருக்கும் பொது என்பது தவறான நம்பிக்கை. விற்பனை நின்றாலும் உரிமை நிற்கும். காப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, முறையாக வாங்கிய மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுக்கவும், வணிக நோக்கமில்லாத சொந்தப் பயனுக்காக நகலெடுக்கவும் இடம் தருகிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காக அல்ல என்றால் சிறையை விட்டு அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கச்சேரிக்குக் கூலி வாங்கும் குழு இந்தச் சலுகையை நம்பி இறங்கக் கூடாது. பூட்டுடைத்த பிரதிகளோடு வைரஸும் வரலாம்; அதன் வழியே வங்கிப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பழைய மென்பொருள் ஒருமுறை திறந்ததும், பாடல்களைப் பொதுவான மிடி கோப்பாகச் சேமிப்பதே உண்மையான மீட்பு. 1988இல் வரையறுக்கப்பட்ட அந்த வடிவத்தை இன்றைய எந்தச் சீக்வென்சரும் படிக்கும். அதன்பின் எமுலேட்டரே வேண்டாம்.

கோப்பு கையில் இருப்பதால் பாட்டு சொந்தமாகிவிடாது. திரைப்பாடலை மிடியில் கோத்தவருக்கு மெட்டின் மீது உரிமையில்லை. சமயச் சடங்கிலும், கல்யாண ஊர்வலத்திலும், அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் வாசிக்க 52ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. ஆனால் கோப்பை விற்கவோ யூடியூபில் ஏற்றவோ அந்த விலக்கு உதவாது. குழுவில் ஒருவர் சொந்தமாக மெட்டமைத்த அம்மன் பாடலோ மாதா பாடலோ என்றால் நிலைமை வேறு. பதிவு செய்யாவிட்டாலும், இயற்றிய நாள் முதலே அது அவருடையது. கோப்பின் தேதியோடு பழைய ஃபிளாப்பியையும் பத்திரப்படுத்தினால் அது சான்றாக உதவும்.

அந்த மெட்டை யாராவது எடுத்துக்கொண்டால் தடையுத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். எதிராளி எங்கே இருந்தாலும், 62ஆம் பிரிவின்படி வழக்குத் தொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் வழக்கறிஞர் செலவு இல்லை. பழவேற்காட்டுக்காரர்கள் அதற்குத் திருவள்ளூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.