ஒதுக்கப்பட்ட குரல்

தாம்பரத்தில் தலைமையாசிரியனாய் இருந்தபோது, தடித்த குரலுடைய மாணவி ஒருத்தியை இறைவணக்கக் குழுவில் சேர்க்க மறுத்தேன். அது தவறென்று பின்னர் எனக்கு உணர்த்தியது உஷா உதுப்பின் வரலாறு.

1947-இல் பம்பாயில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த அவரை, குரல் பொருந்தவில்லையென்று பள்ளி இசை வகுப்பிலிருந்து விலக்கினர். குழுப்பாடலில் குரல்கள் ஒத்திருத்தல் வேண்டும்; ஜாஸ் முதலிய மேலை இசையிலோ தனிக்குரலின் தனித்தன்மையே அழகு. 1969-இல் சென்னை மவுண்ட் ரோடில், சபையர் திரையரங்க வளாகத்திலிருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் அவர் புடைவையுடுத்தி அத்தகைய ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். பின்னர்க் கல்கத்தா 'டிரிங்காஸ்' விடுதியிலும் புகழ்பெற்றார். 2024-இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

அம்மாணவியை ஒருமுறை தனியே பாடச்சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.