அடுக்களையில் ஓர் ஆய்வுக்கூடம்



பள்ளியில் அறிவியற் கண்காட்சி என்று அறிவிப்பு வந்துவிட்டால் பல வீடுகளில் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. கடைசி இரண்டு நாட்களில் தெர்மகோல் அட்டையும் வண்ணத் தாளும் சிறு விளக்குகளும் வாங்கிவந்து, வாப்பா வெட்ட, உம்மா ஒட்ட, அண்ணன் பெயர் எழுத, கண்காட்சிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை மட்டும் வேடிக்கை பார்த்துக் கொண்டிருக்கும். மறுநாள், "இது ஏன் இப்படி நிகழ்கிறது?" என்று நடுவர் கேட்கும்போது அப்பிள்ளை தலைகுனிந்து நிற்கும். பணம் செலவானது, பரிசும்கூடக் கிடைக்கலாம். பிள்ளை கற்றது என்ன?

நல்ல சோதனைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்னும் எண்ணமே இத்தனைக்கும் காரணம். உங்கள் அடுக்களையைச் சற்றே உற்று நோக்குங்கள். அளக்கும் குவளை, மண்பானை, எவர்சில்வர் பாத்திரம், தட்டு, துணி என ஓர் ஆய்வுக்கூடத்திற்கு வேண்டிய பலவும் அங்கே இருக்கின்றன.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த அக்னஸ் பொக்கெல்ஸ் (1862-1935) என்னும் பெண்மணியின் வரலாறு இதற்குச் சான்று. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. நோயுற்ற பெற்றோரைப் பேணியவாறு வீட்டு வேலைகளைச் செய்துவந்த அவர், பாத்திரம் கழுவும் நீரில் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கலக்கும்போது நீரின் மேற்பரப்பில் நேரும் மாற்றத்தைக் கூர்ந்து கவனித்தார். ஒரு தகரத் தொட்டி, ஒரு சிறு தராசு, ஒரு பொத்தான் ஆகியவற்றைக் கொண்டே நீரின் பரப்பு இழுவிசையை அளந்தார். தம் முடிவுகளை 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அறிவியலறிஞர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அதனை 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, அவ்வாண்டே அது வெளியாயிற்று. 1932இல் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

அப்படியானால் சோதனையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? மூன்று வினாக்கள் போதும். விடை தெரியாத ஒரு கேள்வி பிள்ளையின் மனத்தில் இருக்கிறதா? அதற்கான விடையை எண்ணாக அளக்க முடியுமா? நெருப்பும் அமிலமும் மின்சாரமும் இன்றிப் பிள்ளை தன் கையாலேயே செய்ய இயலுமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வருமாயின் அதுவே தக்க சோதனை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதை எல்லாரும் அறிவோம். குளிர்ச்சிக்குக் காரணம் மண்ணா, ஈரமா? இது பிள்ளை கேட்கத்தக்க கேள்வி.

ஏறத்தாழ ஒரே அளவுள்ள மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மண்பானை, மற்ற இரண்டும் எவர்சில்வர். மண்பானையை முதல்நாளே நீரில் ஊறவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களில் ஒன்றின் வெளிப்புறத்தில் மட்டும் ஈரத்துணியைச் சுற்றிவையுங்கள். இரவெல்லாம் அறையில் வைத்திருந்த தண்ணீரிலிருந்து மூன்றிலும் ஒவ்வொரு லிட்டர் ஊற்றி, தட்டால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் அருகருகே வையுங்கள். துணி உலராதவாறு அவ்வப்போது அதே தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து, மூன்று மணி நேரம் வரை பிள்ளையே குறித்து வரட்டும்.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது மனித உடலின் வெப்பநிலையை அளப்பதற்கென்றே அமைந்தது. அறையிலுள்ள தண்ணீரின் வெப்பநிலையை அது காட்டாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள வெப்பமானியை ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். பாதரசமற்றதாக இருப்பது நலம்.

துணி சுற்றாத எவர்சில்வர் பாத்திரத்தின் தண்ணீர் பெரிதும் மாறாமல் இருக்க, ஈரத்துணி சுற்றிய பாத்திரமும் மண்பானையைப் போலவே குளிர்ந்தால் பிள்ளைக்கு விடை கிடைத்துவிடும். அங்கே மண் இல்லை, ஈரமே உண்டு. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. 58 கிராம் தண்ணீரை 10 டிகிரி செல்சியஸ் குளிர்விக்க எவ்வளவு வெப்பம் நீங்க வேண்டுமோ, அவ்வளவு வெப்பம் அது! அதில் பெரும்பகுதியைப் பானையும் உள்ளிருக்கும் தண்ணீரும் இழக்கின்றன. சோதனை முடிந்ததும் எஞ்சிய நீரை அளந்து பார்த்தால் மண்பானையில் குறைந்திருப்பதையும் காணலாம்.

கேள்வி இத்துடன் முடிவதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த காயல்பட்டினத்திலும் நாகூரிலும் கிடைக்கும் குளிர்ச்சி, வறண்ட கோடைக் காற்று வீசும் வாணியம்பாடியில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். வெளியூரில் உறவினர் இருந்தால் அங்குள்ள பிள்ளைகளும் அதே நாளில் இச்சோதனையைச் செய்து, எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாமே!

பெற்றோர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். மழைநாளில் சோதனை செய்தால் மண்பானைத் தண்ணீர் ஒரு டிகிரிகூடக் குறையாமல் போகலாம். அப்போது, "புத்தகத்தில் உள்ளபடி மாற்றி எழுது" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். கிடைத்த எண்ணை அப்படியே எழுதி, அருகில் 'மழைநாள்' என்று குறித்துக்கொள்ளட்டும். ஏன் குறையவில்லை என்று பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டும். வெயில் வந்தபின் மறுபடியும் செய்து பார்க்கட்டும். இரு நாட்களின் எண்களையும் ஒரே அட்டவணையில் எழுதி எடுத்துச் செல்லும் பிள்ளை, நடுவரின் கேள்விக்குத் தயங்காமல் விடை கூறும்.