இதயத்துக்கு ஒரு கதவு

ஓசூரில் மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன, கைக்கடிகாரங்களும் தயாராகின்றன. போச்சம்பள்ளிப் பக்கம் நீங்கள் வசிப்பவரானால், தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களைத் தினமும் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் வால்வு என்று ஓர் உறுப்பு உண்டு. உரிய நேரத்தில் திறந்து, உரிய நேரத்தில் மூடிக்கொள்வதே அதன் வேலை. அது தேய்ந்துவிட்டால் மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிவிடுவார்.

நம் இதயத்திலும் நான்கு வால்வுகள் இருக்கின்றன. இரத்தம் வந்த வழியே திரும்பிப் போகாமல் காக்கும் கதவுகள் அவை. அவற்றுள் ஒன்று பழுதானால் புதியதை மாட்ட முடியுமா? முடியும். ஆனால் எந்தப் பொருளால் அதைச் செய்வது?

தொண்டை வலியில் தொடங்கும் ஆபத்து

இந்தக் கேள்வி உங்கள் வயதினரைப் பற்றியதும்கூட. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் தொண்டை வலியைக் கவனிக்காமல் விட்டால், சில சிறுவர் சிறுமியருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் பாதுகாப்புப் படை, தவறுதலாக இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. வால்வு தடித்துச் சுருங்குகிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. நிலை முற்றினால் வால்வை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்.

ஒரு காலத்தில் செயற்கை வால்வுகளை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அந்த விலை எட்டாதது. எனவே, திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிறுவனம் இந்திய வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தது. இதய அறுவை நிபுணர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் வழிகாட்ட, பொறியியலாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் குழுவினர் வேலையில் இறங்கினர்.

நீலமணி தோற்றது, பிளாஸ்டிக் வென்றது

உங்கள் நாடியைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். ஓர் ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 78 லட்சம்! அத்தனை முறையும் வால்வு திறந்து மூட வேண்டும். உப்பு கலந்த வெதுவெதுப்பான இரத்தத்தில் அது துருப்பிடிக்கக் கூடாது. இரத்த அணுக்களை நசுக்கவும் கூடாது.

அவர்கள் வகுத்த அமைப்பு எளியது. ஓர் உலோகச் சட்டம். அதற்குள் சாய்ந்து திறக்கும் வட்டத் தகடு. இதயத்தோடு வைத்துத் தைக்கச் சுற்றிலும் ஒரு துணி வளையம். சிக்கல் எல்லாம் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருந்தது.

முதல் மாதிரியின் சட்டம் டைட்டானியம். இலேசானது, உடல் ஏற்றுக்கொள்வது. ஆனால் ஓயாத அடியில் பற்றவைத்த இடம் விட்டுக்கொடுத்தது. இரண்டாவதில் பற்றவைப்பே இல்லை. தகட்டுக்குச் செயற்கை நீலமணியைப் பயன்படுத்தினர். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களில் கீறல் விழாத கண்ணாடியாக இருப்பது இதுதான். அந்தக் கடினமே வினையாயிற்று; நீலமணி உராய்ந்து டைட்டானியத்தைத் தேய்த்துவிட்டது. மூன்றாவதில் சட்டத்தை மாற்றினர். ஜெட் எஞ்சின்களின் சூடான பாகங்களுக்குப் பயன்படும் ஹெய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்பு உலோகம் வந்தது. ஆனால் ஆட்டுக்குப் பொருத்திச் சோதித்தபோது நீலமணித் தகடு உடைந்துபோயிற்று.

நான்காவது மாதிரியில் உலோகம் அதுவே. தகடு மட்டும் பாலிஎத்திலீன். நாம் கையில் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பையின் உறவுக்காரப் பொருள்தான்! ஆனால் இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை. ஆகவே எளிதில் தேயாது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-இல் செயற்கை இடுப்பு மூட்டுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டதும் இந்த வகைப் பாலிஎத்திலீனைத்தான். அது அடியைத் தாங்கிக்கொள்கிறது, உலோகத்தை அரிப்பதில்லை, சத்தமும் குறைவு. துணி வளையம் பாலியெஸ்டர். அதன் இழைகளுக்கிடையே நம் திசு வளர்ந்து பற்றிக்கொள்கிறது.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு இந்த வால்வு பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. இன்று பல்லாயிரக்கணக்கானோரின் இதயத்தில் சித்திரா வால்வு துடித்துக்கொண்டிருக்கிறது.

உடலுக்குள் அல்லது உடலைத் தொட்டு வேலை செய்யும் இத்தகைய பொருள்களையே உயிரிப்பொருள்கள் என்கிறோம். ஒரு பொருள் எவ்வளவு விலை, எவ்வளவு கடினம் என்று உடல் பார்ப்பதில்லை. தன்னோடும் பக்கத்துப் பொருளோடும் அது ஒத்துப்போகிறதா என்றே பார்க்கிறது.

எதைப் படிப்பது?

சித்திரா வால்வின் கதையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். தேய்மானம் இயற்பியல், மூலக்கூறுச் சங்கிலி வேதியியல், இரத்தமும் திசுவும் உயிரியல். ஆகவே இத்துறைக்கு வாசல்கள் பல. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கலாம். திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் படிக்கலாம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தும் இங்கே வரலாம். மருத்துவம் படித்தவர்களும் வருகிறார்கள். பட்டம் பெற்றபின் ஆராய்ச்சிக்கு ஸ்ரீ சித்திரா நிறுவனமே இருக்கிறது.

தீர்க்க வேண்டிய புதிர்கள் இன்னும் உண்டு. உலோக வால்வு பொருத்திக்கொண்டவர், அதில் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தை வளரும், அதன் இதயத்தில் வைத்த வால்வு வளராது. உடலோடு சேர்ந்து வளரும் வால்வைச் செய்ய முடியுமா? சிறிது காலம் சாரமாக நின்று, திசு வளர்ந்ததும் கரைந்துபோகும் பொருள்களை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். அவர்கள் ஆராயும் பொருள்களுள் பட்டுப் புரதமும் ஒன்று. பட்டு நூலால் காயம் தைப்பது பழைய வழக்கம். மேலே உள்ள பசையை நீக்கியபின் எஞ்சும் ஃபைப்ராயின் என்ற புரதத்தை உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

நம் மாவட்டத்து மல்பெரித் தோட்டங்களில் விளையும் பட்டுக்கூடு, இதுவரை சேலைக்குத்தான் போயிற்று. நாளை அது ஒரு குழந்தையின் இதயத்துக்குப் போகுமா? விடையைத் தேட உங்களில் யாரேனும் முன்வரலாம் அல்லவா? அதுவரை, காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டுங்கள்!