கறுப்புத் தாளில் பிறந்த பேட்மேன்

கார்ட்டூன் என்றால் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருப்பவரா நீங்கள்? 1992 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடரின் முகப்புக் காட்சியை மட்டும் பாருங்கள். ஒரு நிமிடம்தான். வங்கியில் குண்டு வெடிக்கிறது, இரண்டு திருடர்கள் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள், எதிரே ஒரு நிழல் இறங்குகிறது. எல்லாம் முடிந்தபின் மின்னல் ஒன்று வெட்டுகிறது, உச்சியில் பேட்மேன் நிற்கிறான். ஒரு வார்த்தை பேச்சில்லை, தொடரின் பெயர்கூடத் திரையில் வருவதில்லை. இது யார் என்று சொல்லவும் வேண்டுமா என்கிற மிதப்பு!

அந்த இருட்டுக்குப் பின்னால் ஒரு தொழில் ரகசியம் உண்டு. பின்னணி ஓவியங்களை வழக்கமாக வெள்ளைத் தாளில்தான் தீட்டுவார்கள். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கி கறுப்புத் தாளை எடுத்துக்கொண்டார். தெருவிளக்கு, ஜன்னல், சிவந்த வானம் என்று வெளிச்சம் விழும் இடங்களுக்கு மட்டும் வண்ணம். மிச்சமெல்லாம் தாளின் கறுப்பு. இன்னொருவரான புரூஸ் டிம் ஆட்களை அகன்ற தாடையும் சில நேர்கோடுகளுமாகச் சுருக்கி வரைந்தார். 1940களில் ஃப்ளைஷர் ஸ்டுடியோ எடுத்த சூப்பர்மேன் குறும்படங்களின் சாயல் இதில் தெரியும். காரும் தொப்பியும் அந்தக் காலத்தவை, கணினி மட்டும் இந்தக் காலத்தது. எந்த வருஷத்துக் கதை என்று கேட்டால் பதில் கிடையாது. அதனாலேயே இன்றும் பழசாகவில்லை.

குரல்களையும் கவனிக்க வேண்டும். கெவின் கான்ராய் கோடீஸ்வரர் புரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், முகமூடி போட்டு பேட்மேன் ஆனதும் அடித்தொண்டையில் இன்னொரு குரல் என்று பேசினார். ஸ்டார் வார்ஸ் கதாநாயகன் மார்க் ஹாமில்தான் வில்லன் ஜோக்கரின் குரல். ஜோக்கரின் சிரிப்பை மட்டும் வைத்தே அவன் சந்தோஷமாக இருக்கிறானா, கொலைவெறியில் இருக்கிறானா என்று சொல்லிவிடலாம்.

ஆனால் எனக்கு இந்தத் தொடர் பிடித்ததற்குக் காரணம் வில்லன்கள். ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்ற பாகத்தில் வரும் மிஸ்டர் ஃப்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸில் அதுவரை அவன் பனித் துப்பாக்கி தூக்கிய சாதாரணத் திருடன். பால் டினி எழுதிய இந்தக் கதையில், தீராத நோய் கண்ட மனைவியை உறைநிலையில் வைத்து மருந்து தேடும் விஞ்ஞானி ஆகிறான். செலவு தாங்காத முதலாளி கருவியை நிறுத்தச் சொல்கிறார். அதில் எழும் தள்ளுமுள்ளில் இவன் உடம்பே உறைகுளிரில் மட்டும் உயிர்வாழ்வதாக மாறிவிடுகிறது. அந்த முதலாளிக்குத்தான் மனிதநேய விருது கொடுக்கிறார்கள்! பழிவாங்க வருபவனைத் தடுக்க, சளி பிடித்த பேட்மேன், வேலைக்காரர் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்க்கை ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தில் அடித்து உடைக்கிறான். உள்ளே இருந்தது சுடச்சுடக் கோழி சூப். சளிக்கும் வில்லனுக்கும் ஒரே மருந்து. கடைசியில் ஃப்ரீஸ் சிறையறையில் கண்ணாடி உருண்டைக்குள் சுழலும் நடனப் பொம்மையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். சுமார் இருபது நிமிடத்தில் இவ்வளவும். டினிக்கு எம்மி விருது கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

ஜோக்கரின் கையாளாக ஒரு பாகத்துக்கென்று உருவாக்கிய ஹார்லி குவின் இங்கிருந்துதான் காமிக்ஸுக்கும் பிறகு சினிமாவுக்கும் போனாள்.

85 பாகமும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். படம் வரையும் வேலை ஜப்பான், கொரியா ஸ்டுடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால் ஒரு பாகம் அசத்தலாகவும் இன்னொன்று சுமாராகவும் இருக்கும். பெரும்பாலும் தனித்தனிக் கதைகள், வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ முடித்துவிட்டு, பேட்மேனின் கூட்டாளி ராபின் எப்படிப் பெற்றோரை இழந்தான் என்று சொல்லும் ‘ராபின்ஸ் ரெக்கனிங்’ இரண்டு பாகங்களுக்குப் போங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். பகல் வெளிச்சத்தில் அந்தக் கறுப்பில் பாதி காணாமல் போய்விடும்.