மெடிகேர் கட்டணக் குறைப்பும் நோயாளியின் உரிமைகளும்

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதியோருக்காக உருவாகி, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட அரசு மருத்துவக் காப்பீடே மெடிகேர் ஆகும். அதன் ‘பி’ பகுதி மருத்துவர்களின் கட்டணத்தை ஏற்கிறது. மருத்துவரின் உழைப்பு, மருத்துவகம் நடத்தும் செலவு, தவறான சிகிச்சை தொடர்பான வழக்குகளுக்கென மருத்துவர் எடுக்கும் காப்பீட்டின் செலவு ஆகிய மூன்றையும் கணக்கிட்டு ஒவ்வொரு பணிக்கும் இத்தனை ‘அலகு’ என்று மதிப்பிடுவதும், அந்த எண்ணை ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் ‘மாற்றுக் காரணி’ என்னும் டாலர் தொகையால் பெருக்கிக் கட்டணத்தை முடிவு செய்வதும் 1992 முதல் நடைமுறையில் உள்ளன.

மாற்றுக் காரணி 2001இல் 38.26 டாலராக இருந்து, 2025இல் 32.35 டாலராகக் குறைந்தது. 3 அலகு மதிப்புள்ள ஒரு பணிக்கு முன்பு ஏறத்தாழ 115 டாலர் கிடைத்ததென்றால், வாடகையும் ஊழியர் சம்பளமும் ஏறிய பின்னர் 2025இல் அதே பணிக்கு 97 டாலரே கிடைத்தது. விலைவாசிக்கேற்பக் கட்டணத்தை உயர்த்தும் ஏற்பாடு சட்டத்தில் இல்லாததும், மதிப்பீட்டு மாற்றங்களால் ஆண்டுச் செலவு 2 கோடி டாலருக்கு மேல் கூடினால் அதைப் பிற கட்டணங்களில் குறைத்து ஈடுகட்ட வேண்டும் என்ற விதியுமே இதற்கு முதன்மைக் காரணங்கள். 2026ஆம் ஆண்டுக்கென வழங்கப்பட்ட 2.5 சதவீத உயர்வும் ஓராண்டுக்கு மட்டுமே உரியது.

கட்டணத்தில் 20 சதவீதத்தை நோயாளியே செலுத்துவதால், கட்டணக் குறைப்பு முதற்பார்வைக்கு அவருக்கு ஆதாயமாகத் தோன்றும். ஆனால் வருவாய் போதாத சிறு மருத்துவகங்கள் புதிய மெடிகேர் நோயாளிகளைச் சேர்ப்பதைக் குறைக்கவோ, பெரிய மருத்துவமனைகளிடம் விலைபோகவோ நேரும்போது நிலைமை மாறிவிடுகிறது. மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவாக மாறிய இடத்தில் மருத்துவர் கட்டணத்துடன் நிறுவனக் கட்டணமும் சேர்வதால், அதே பரிசோதனைக்கு நோயாளி செலுத்தும் பங்கு கூடிவிடக்கூடும். மெடிகேரை விட்டு முற்றிலும் விலகிய மருத்துவர்கள் ஒரு சதவீத அளவினரே என்றாலும், மனநல மருத்துவத்தில் அவர்களின் பங்கு மிக அதிகம்.

எனவே, முன்பதிவு செய்யும்போதே மெடிகேர் கட்டணத்தை ஏற்பதில் மருத்துவர் எவ்வகையினர் என்று கேட்டறிவது நோயாளிக்கு முதற்பாதுகாப்பாகும். ஆண்டுத் தொடக்கத்தில் நோயாளி தாமே ஏற்க வேண்டிய தொகையைச் செலுத்திவிட்டதாகவும், அட்டவணைக் கட்டணம் 100 டாலர் என்றும் கொண்டால், அதை முழுமையாக ஏற்கும் ‘பங்கேற்பு’ மருத்துவரிடம் நோயாளி 20 டாலரே செலுத்துவார். பங்கேற்காத மருத்துவருக்கு அங்கீகரிக்கப்படும் தொகை 95 டாலர் என்றாலும், அவர் அதற்கு மேல் 15 சதவீதம் வரை, அதாவது 109.25 டாலர் வரை வசூலிக்கலாம். மெடிகேர் 76 டாலர் ஏற்க, எஞ்சிய 33.25 டாலர் நோயாளியின் பொறுப்பாகும். விலகிய மருத்துவரிடம் முழுத்தொகையும் நோயாளியையே சாரும். ஆனால் அதற்கு எழுத்துவடிவ ஒப்பந்தம் கட்டாயம் என்பதோடு, அவசர சிகிச்சை தேவைப்படும் நிலையில் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமாறு நோயாளியைக் கேட்கவும் கூடாது.

குறைந்த வருவாய் காரணமாக ‘தகுதிபெற்ற மெடிகேர் பயனாளி’ திட்டத்தில் சேர்க்கப்பட்டவரிடம், மெடிகேர் ஏற்கும் சேவைகளுக்கு அந்த 20 சதவீதப் பங்கைக் கேட்பதும் சட்டவிரோதம். ஒரு சேவைக்கு மெடிகேர் பணம் தராது என்று மருத்துவர் கருதினால், சிகிச்சைக்கு முன்பே அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீடு மறுக்கப்பட்டால், முடிவைத் தெரிவிக்கும் அறிக்கை கிடைத்த 120 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இவ்வகைச் சிக்கல்களில் வழிகாட்ட, மாநிலந்தோறும் கட்டணமின்றி இயங்கும் மருத்துவக் காப்பீட்டு ஆலோசனை மையங்களும், 1-800-633-4227 என்ற மெடிகேரின் தொலைபேசி எண்ணும் உள்ளன. கட்டண வீதத்தைத் திருத்தும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. வரம்பு மீறி வந்த பில்லை மறுக்கும் உரிமையோ நோயாளியிடமே இருக்கிறது.