மதகும் ஏற்றமும் கைவிளக்கும்

லால்பேட்டையில் வீராணத்தின் மதகருகே சற்று நின்று பார்த்தவர்களுக்கு, ஏரி 47.5 அடி நிரம்பித் ததும்பினாலும் வயலுக்கு வேண்டியது அளவாகத் திறந்துவிடப்படும் நீரே என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் தண்ணீர் பார்க்கக் கொடிக்காலுக்குப் போகிறவர் கையிலுள்ள எல்.இ.டி. டார்ச்சுக்குள்ளும் இதே நியதிதான் ஆட்சி செய்கிறது என்பதை, எரிய மறுத்த என் டார்ச்சின் திருகாணிகளைக் கழற்றிய ஒரு மாலையில் கண்டுகொண்டேன்.

முகப்புக் கண்ணாடியை அகற்றியதும் கண்ணில் படுவது, அணைந்திருக்கும்போதும் மஞ்சளாகத் தெரியும் கடுகளவுப் பூச்சு. அதன் கீழே உறைகின்ற காலியம் நைட்ரைடு ஸ்படிகத்துக்கு நீல ஒளியைத் தவிர வேறொன்றும் தரத் தெரியாது. அந்த நீலத்தில் ஒரு பாகத்தை விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது பூச்சு. இரண்டும் கலந்ததையே நம் கண் வெண்மை என்று ஏற்கிறது. 1962-ல் நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்.இ.டி.யை ஒளிரச் செய்த பிறகும், பிரகாசமான நீலம் கைகூட முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய பல்பின் இழை சூடேறச் சூடேறத் தன் மின்தடையைத் தானே உயர்த்திக்கொள்ளும். ஆகையால் அதற்குக் காவல் தேவைப்படவில்லை. எல்.இ.டி.யின் சுபாவம் நேர்மாறானது. ஏறக்குறைய 3 வோல்ட்டில் ஒழுங்காக ஒளிர்வது, அழுத்தம் சிறிதே மிகுந்தாலும் மின்னோட்டத்தைப் பன்மடங்காக இழுத்து, அதனால் சூடாகி, சூடானதால் இன்னும் அதிகமாக இழுத்துத் தன்னையே அழித்துக்கொள்ளும். என் டார்ச்சில் இருந்தது 4 வோல்ட் பாட்டரி. எஞ்சிய ஒரு வோல்ட்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மின்னோட்டத்தை அளந்து விடுவதற்காக, அரிசியளவுள்ள ஒரு ரெஸிஸ்டர் வழியிலே உட்கார்ந்திருந்தது. அதுவே மதகு.

ஒற்றை பாட்டரியால் எரியும் சிறு டார்ச்சில் நிலைமை தலைகீழ். இருப்பது 1.5 வோல்ட், வேண்டியது 3. பள்ளத்து நீரை மேட்டுக்கு ஏற்ற ஏற்றம் வேண்டியிருப்பது போல, அங்கே ஒரு கம்பிச்சுருள் வேண்டியிருக்கிறது. சுருளில் ஓடத் தொடங்கிய மின்சாரம் சட்டென்று நிற்கச் சம்மதிப்பதில்லை; டிரான்ஸிஸ்டர் வழியை அடைத்ததும், சுருளில் காந்தமாகத் தேங்கியிருந்த சக்தி பாட்டரியின் அழுத்தத்தோடு சேர்ந்து எழும்பி எல்.இ.டி.க்குள் பாய்கிறது. இப்படித் திறப்பதும் அடைப்பதும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை நிகழ்வதால், கண்ணுக்கு ஒளி இடையறாததாகவே தோன்றுகிறது. ஏற்றம் இறைப்பவனுக்கு உழைப்புச் செலவாவது போல, உயர்ந்த அழுத்தத்துக்கு ஈடாக பாட்டரியிலிருந்து கூடுதல் மின்னோட்டம் செலவாகிறது. ஆயினும், பழைய பல்பை ஏற்ற வலுவிழந்த பாட்டரியின் கடைசிச் சொட்டையும் இது இறைத்துவிடும்.

மறுபடி என் டார்ச்சுக்கு வருவோம். சுவரிலுள்ள 230 வோல்ட்டை 4 வோல்ட் பாட்டரிக்கு இறக்க அதில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. செவ்வக வடிவான ஒரு கெப்பாஸிட்டர் மட்டும் இருந்தது. நொடிக்கு 100 தடவை திசை மாறும் மின்சாரத்தை 1 மைக்ரோபாரட் கெப்பாஸிட்டர் சுமார் 70 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. அதை நான்கு டயோடுகள் ஒரே திசையில் திருப்பி பாட்டரிக்கு அனுப்புகின்றன. மலிவான இந்த உபாயத்தில் ஓர் அபாயமும் உண்டு. உள்ளிருக்கும் ஒவ்வொரு கம்பியும் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்புடையதாதலால், சார்ஜில் இருக்கும்போது இதைத் திறப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

ரெஸிஸ்டர், டயோடு, கெப்பாஸிட்டர், எல்.இ.டி. அனைத்தையும் மீட்டர் கொண்டு சோதித்தேன், எதிலும் பழுதில்லை. பாட்டரிதான் உப்பிக் கிடந்தது. ஈய அமில பாட்டரியைத் தீர்ந்த நிலையிலேயே போட்டுவைத்தால், அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் ஏற்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்து, கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை மறந்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடவேண்டிய டார்ச்சை ஆறு மாதம் பரணில் வைத்தவன் நானே. ஏரி வற்றிக் கிடக்கையில் மதகைக் குற்றம் சொல்லி என்ன பயன்?