நடவாத கதையும் அதன் நியாயமும்

1815ஆம் ஆண்டு வோட்டர்லூப் போரில் நெப்போலியன் வென்றிருந்தால் ஐரோப்பா என்னவாகியிருக்கும் என்று மாணவன் ஒருவன் வினவினால், வரலாற்றாசிரியர் படைகளின் தொகையையும் அரசுகளின் உடன்படிக்கைகளையும் துணைக்கொண்டு ஏதோவொரு விடை கூறிவிடலாம். ஆனால், ஒருவருடைய கற்பனையிலே மட்டும் பிறந்த உலகமொன்றின் வரலாற்றைக் குறித்து இதே வினாவை எழுப்பினால்? பொய்க்கு மாற்றாக இன்னொரு பொய்யா என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘த லோர்ட் ஒவ் த ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையே என் எண்ணத்தை மாற்றியது. சவுரோன் என்னும் இருளரசன் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் புகுத்திச் செய்த மோதிரமொன்று, நெடுங்காலத்தின் பின், சிற்றுருவினரான ஹொபிற் மக்களுள் ஒருவனாகிய புரோடோவின் கையை அடைகிறது. அவன் அதனைப் பகைவன்மீது ஏவாமல், பகைவனின் மோர்டோர் நாட்டிலுள்ள எரிமலையிலே எறிந்து அழிக்கப் புறப்படுகிறான்.

இக்கதை இரண்டாம் உலகப் போரின் உருவகமென்றும், மோதிரமே அணுகுண்டென்றும் சிலர் பொருள் கொண்டனர். 1960களின் நடுப்பகுதியில் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலே டொல்கீன் அதனை மறுத்தார். அவர் மறுத்த முறைதான் கவனிக்கத்தக்கது. உண்மைப் போர் கதையின் போக்கை வகுத்திருக்குமாயின், மோதிரம் கைப்பற்றப்பட்டுப் பகைவன்மீதே ஏவப்பட்டிருக்கும்; சவுரோன் அழியாமல் அடிமையாக்கப்பட்டிருப்பான்; அவனது கோட்டை இடிபடாமல் கைக்கொள்ளப்பட்டிருக்கும்; மோதிரம் கிட்டாத சருமன் என்னும் துரோகி, அக்குழப்பத்திடையே மோர்டோரில் தன் ஆராய்ச்சிக்கு வேண்டிய எஞ்சிய நுட்பங்களைக் கண்டறிந்து, தானும் ஒரு பெருமோதிரம் செய்திருப்பான். ஹொபிற் மக்களையோ இருதரப்பாரும் வெறுத்திருப்பர். அவர்கள் அடிமைகளாகக்கூட நெடுநாள் பிழைத்திருக்கமாட்டார்கள். இதனை எழுதியவர் 1916இல் சோம் போர்க்களத்திலே நின்றவர். 1918 அளவில் தம் நெருங்கிய நண்பருள் ஒருவர் தவிர ஏனையோரை இழந்தவர்.

கற்பனை உலகுக்கும் சட்டமுண்டு. ஆளக் கருதி மோதிரத்தை எடுப்பவன் எவனாயினும் கெடுவான் என்பது அவ்வுலகின் சட்டம். நல்லவரான கண்டல்ஃப் அதனை எடுத்திருந்தால்? 1963இல் வரைந்த கடிதமொன்றிலே டொல்கீன் இதற்கும் விடை தருகிறார். கண்டல்ஃப் சவுரோனிலும் கொடியவராகியிருப்பார். எல்லோரையும் அவரவர் நன்மைக்கென்றே அடக்கியாண்டு, நன்மை என்னும் சொல்லையே வெறுக்கச் செய்திருப்பார். இச்சட்டத்தை மீறிக் கூறும் விடை, அக்கதையின் மாற்று வரலாறாகாது, வேறொரு கதையாகிவிடும். பெருங்கழுகுகளின்மீது ஏறிப்போய் மோதிரத்தை எறிந்திருக்கலாமே என்று இளைஞர் ஓயாது கேட்பர். அது போக்குவரத்துப் பற்றிய வினா. எனக்கு அதில் அத்துணைச் சுவையில்லை.

அதே கடிதத்தில் இதனினும் ஆழ்ந்த வினாவொன்று உண்டு. முன்னர் மோதிரத்தை வைத்திருந்து அதனாலேயே உருக்குலைந்த கொல்லும் என்பவன், வஞ்சகம் எண்ணியபடியே புரோடோவுக்கு வழிகாட்டி வருகிறான். மலைப்படிகளிலே புரோடோவும் தோழன் சாமும் உறங்கும்போது, கொல்லும் களைத்த கிழவனைப்போல் நின்று, புரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அவன் உள்ளம் இளகிய கணம் அது. சாம் விழித்து, திருட்டுத்தனமோ என்று கடிந்துகொள்கிறான். அத்துடன் அந்த இளக்கம் மறைகிறது.

அதிபராயிருக்கும் எனக்கும் அத்தகைய காலைப்பொழுது ஒன்றுண்டு. காணாமற்போன நூலகப் புத்தகத்துடன் என் அறை வாசலிலே வந்து நின்ற மாணவனை, அவன் வாய் திறக்குமுன்னரே கடிந்து அனுப்பிவிட்டேன். அவன் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை அறியேன்.

சாம் அன்று கடியாதிருந்தால்? கொல்லும் உடனே திருந்தியிருப்பான் என்று டொல்கீன் எளிதாகக் கூறிவிடவில்லை. புரோடோமீது அன்பு வளரும். மோதிரத்தின்மீதுள்ள ஆசையும் ஒழியாது. களவாலோ வலிமையாலோ அவன் அதனைப் பறித்தே தீருவான். பறித்தபின், புரோடோவுக்காகத் தானே மோதிரத்துடன் எரிமலையிற் பாய்ந்திருப்பான் என்கிறார்.

நடந்த கதையிலோ, எரிமலையின் விளிம்பிலே புரோடோ மனந்தளர்ந்து மோதிரத்தைத் தனதென்கிறான். கொல்லும் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறான். பறித்த களிப்பிலே ஆடிக் கால் தவறி விழுகிறான். இரண்டிலும் மோதிரம் ஒரே நெருப்பிலேதான் அழிகிறது.